எர்த் குழியில் ரெண்டு வாளி தண்ணீர்

ஓசூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் எனக்கு இரண்டு பெயர். கடைக்காரருக்கு நான் ‘சர்க்கரை கம்மி’. மற்றவர்களுக்கு ‘கம்ப்யூட்டர் சார்’. சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் இடிபி எனப்பட்ட கம்ப்யூட்டர் பிரிவில் 1987இல் சேர்ந்தேன். இடிபி பிறகு எம்ஐஎஸ் ஆனது, எம்ஐஎஸ் ஐடி ஆனது, நான் ஓய்வு பெற்றபோது அதே அறைக்கு ‘டிஜிட்டல்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். என் நாற்காலி மட்டும் கடைசிவரை அதே நாற்காலி.

இப்போது என் வேலை, கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊரார் சொல்லும் தொழில்நுட்ப சாஸ்திரங்களைக் கேட்பது. சிலதுக்குச் சிரிப்பேன், சிலதுக்குச் சண்டை பிடிப்பேன். ஒன்று கவனித்திருக்கிறேன். இந்த நம்பிக்கைகளில் பல ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. பொருள் மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை. பால் பாக்கெட்டுக்குத் தேதி அடிக்கிற மாதிரி அறிவுரைக்கும் அடித்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

“செருப்பைக் கழட்டிட்டுத்தான் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போகணும்”

எங்கள் இடிபி அறை வாசலில் கோயில் மாதிரி செருப்பு குவிந்து கிடக்கும். உள்ளே ஏசி. பொது மேலாளரே சாக்ஸோடுதான் வருவார். கம்ப்யூட்டருக்குத் தீட்டு என்றே சில தொழிலாளிகள் நினைத்திருந்தார்கள்.

காரணம் தூசி. பழைய பெரிய கம்ப்யூட்டர்களில் டிஸ்க் பேக்கைக் கையால் கழற்றி மாட்டுவார்கள். சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே தலைமுடிகூட நுழைய முடியாத இடைவெளி. ஒரு துகள் புகுந்தால் தட்டு கீறிப்போகும். ஆனால் 1973லேயே தட்டையும் முனையையும் ஒரே பெட்டிக்குள் அடைத்த ‘வின்செஸ்டர்’ வகை டிஸ்க் வந்துவிட்டது. எங்கள் மேசைக்கு வந்த பிசி எக்ஸ்டியில் இருந்த 20 எம்பி டிஸ்க்கும் அந்த வகைதான். அதாவது நாங்கள் செருப்பைக் கழற்றத் தொடங்கியபோதே அதற்கான காரணம் காலாவதி. இன்னும் சில அலுவலகங்களில் வாசலில் செருப்பு கிடக்கிறது. தரை சுத்தமாக இருக்கும், அந்த மட்டில் லாபம்.

“ரீஃப்ரெஷ் அடிச்சா ஸ்பீடு ஆகும்”

இது எந்தக் காலத்திலும் உண்மை இல்லை. எஃப்5 அமுக்கினால் திரையில் தெரியும் படங்களை மறுபடி வரைந்து காட்டும். அவ்வளவே. டைப் அடிக்க உட்காருகிறவர் விரலைச் சொடுக்கிக்கொள்வது மாதிரி ஒரு பழக்கம். என்னிடமும் இருக்கிறது.

“காஸ்ட்லி வாட்ச்தான் டைம் கரெக்டா காட்டும்”

இதை ஓசூரில் சொல்லக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். ஊரார் பாதிப் பேருக்கு மாமனோ சித்தப்பனோ வாட்ச் கம்பெனியில் வேலை பார்த்திருப்பார்கள்.

அந்தக் கம்பெனி டைட்டன், 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. அப்போது இந்தியா என்றால் எச்எம்டி, எச்எம்டி என்றால் சாவி கொடுக்கும் கடிகாரம். எல்லையைத் தாண்டினால் பெங்களூரில் அவர்களுடைய ஆலை. குவார்ட்ஸை எச்எம்டியும் செய்தது, ஆனால் மனசு என்னவோ சாவியிலேயே இருந்தது. டைட்டன் ஆரம்பத்திலேயே குவார்ட்ஸ் பக்கம் சாய்ந்தது. 2016இல் எச்எம்டி கடிகாரக் கடையைக் கட்டியது.

குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது என்னைப் போன்ற கம்ப்யூட்டர்காரனுக்குக் கல்கண்டு. உள்ளே அரிசிமணி அளவில் ஒரு படிகம். பேட்டரி கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த எண்? ஒன்றை இரண்டால் 15 தடவை பெருக்கிப் பாருங்கள், இதே எண் வரும். ஆகவே அந்த அதிர்வைப் பாதியாக்கு, மறுபடி பாதியாக்கு என்று 15 முறை செய்தால் மிஞ்சுவது நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு. அந்தத் துடிப்புதான் முள்ளை ஒரு படி தள்ளுகிறது. இரண்டால் வகுப்பதைவிட எளிய வேலை கம்ப்யூட்டர் உலகத்தில் கிடையாது. பிசி என்றால் என்ன என்று ஊருக்குத் தெரியும் முன்பே, சைக்கிளில் வந்த கிராமத்துப் பையன்கள் இங்கே அந்த வேலையைச் செய்யும் சில்லுகளைக் கையால் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

சில நூறு ரூபாய்க் குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு ஒரு 15, 20 நொடிதான் முன்பின் போகும். லட்சக்கணக்கில் விலை போகும் சாவிக் கடிகாரங்களில் பல, ஒரே நாளில் அதில் பாதியைத் தின்றுவிடும். விலை வேலைப்பாட்டுக்கு, பெயருக்கு, கௌரவத்துக்கு. நேரத்துக்கு இல்லை. இன்னொன்று: அந்தப் படிகத்தை 25 டிகிரி வெப்பத்தில் சரியாக ஓடும்படி அமைத்திருப்பார்கள். மார்கழிக் குளிரில் பீரோவுக்குள் கிடந்தால் லேசாகப் பின்தங்கும். மணிக்கட்டில் கட்டினால் உடம்புச் சூடு பார்த்துக்கொள்ளும். வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள், கட்டுங்கள்.

“ஜீரோ வரைக்கும் இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்”

இது காலாவதி உண்மைக்கு நல்ல உதாரணம். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு இந்த அறிவுரை பொருந்தியது. பாதியில் சார்ஜ் போட்டுப் போட்டு எடுத்தால் அந்தப் பாதியையே முழுசு என்று பழகிக்கொள்ளும். இப்போதைய லித்தியம் அயன் அப்படி இல்லை. அதை அடிமட்டம்வரை இறக்குவதுதான் அதற்குக் கெடுதல். 20க்கும் 80க்கும் நடுவில் வைத்திருந்தால் நெடுநாள் உழைக்கும்.

“ராத்திரி பூரா போட்டா வெடிக்குமே சார்?” ஒழுங்கான போனில் 100 ஆனதும் உள்ளிருக்கும் சர்க்யூட் தானே நிறுத்திக்கொள்ளும். பேட்டரியின் எதிரி சூடு. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதுதான் தப்பு.

போனைவிட ஸ்கூட்டருக்கு இது முக்கியம். டிவிஎஸ் ஐக்யூப், ஏத்தர் இரண்டும் ஓசூரில் உருவாகின்றன, ஓலா போச்சம்பள்ளியில். நாடு ஓட்டும் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து வாசலைத் தாண்டித்தான் போகிறது. 2022இல் நாட்டின் பல இடங்களில் வண்டிகள் தீப்பிடித்த பிறகு மத்திய அரசு பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 விதியைக் கடுமையாக்கியது. விதி ஆலைக்கு. வீட்டுக்கு நான் சொல்வது இது: வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும். கம்பெனி கொடுத்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல் என்றால் அந்த வாசலை அடைத்து வண்டியை நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள்.

“பார்டர் தாண்டினா போன் தானா கர்நாடகாவுக்கு மாறிடும்”

தாண்டவே வேண்டாம். எல்லையோர ஜூஜூவாடியில் கட்டிலில் படுத்திருந்தவனுக்கு ‘கர்நாடகாவுக்கு நல்வரவு’ என்று செய்தி வந்த காலம் உண்டு. தொலைபேசிக் கணக்கில் தமிழ்நாடு ஒரு வட்டம், கர்நாடகா ஒரு வட்டம். கோபுரத்தின் அலைக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் தெரியாது. எந்தக் கோபுரத்தின் சிக்னல் பலமோ அதைப் போன் பிடித்துக்கொள்ளும். சொந்த வீட்டிலிருந்தே ரோமிங் காசு கட்டிய ஊர் எங்களுடையது. மாடிக்குப் போனால் கர்நாடகா, கீழே வந்தால் தமிழ்நாடு என்று ஒரு நண்பர் வீடு இருந்தது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்துதான் பேசுவார். 2016 செப்டம்பரில் ஜியோ ரோமிங் கட்டணம் இல்லாமல் வந்தது, மற்ற கம்பெனிகளும் 2017இல் விட்டுவிட்டன. இப்போது அந்தப் படிக்கட்டில் துணி காய்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை, ஜிபிஎஸ் போட்டால் செயற்கைக்கோளுக்கு நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்பது. செயற்கைக்கோள் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும், வானொலி மாதிரி. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. நாலு செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்டு உங்கள் போன்தான் இடத்தைக் கணக்குப் போடுகிறது. இதற்கு டேட்டாவும் தேவையில்லை. நம் இருப்பிடத்தை வெளியே சொல்வது, நாமே ‘அனுமதி’ அமுக்கி உள்ளே விட்ட ஆப்கள்.

“ஒய்டுகே வெறும் புரளி”

இதைக் கேட்டால் மட்டும் டீ கசக்கும். ஒய்டுகே என்பது 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்களில் வரவிருந்த தேதிக் குழப்பம். அன்றைக்கு நிரல்களில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதுவது வழக்கம். 1978க்கு 78. டிஸ்க்கில் இடம் தங்கம் விலை விற்ற காலம், யாரையும் குறை சொல்ல முடியாது. 1998இல் எங்கள் சம்பளப் பட்டியல் நிரலில் தேதியை முன்னே தள்ளி ஒரு சோதனை ஓட்டினேன். 78இல் சேர்ந்து 02இல் ஓய்வு பெறப்போகிற ஒரு தொழிலாளிக்கு, சர்வீஸ் மைனஸ் 76 வருடம் என்று வந்தது. கிராஜுவிட்டி கம்பெனி தர வேண்டியதில்லை, அவர்தான் கம்பெனிக்குத் தர வேண்டும்!

வருடம் வருகிற ஒவ்வொரு வரியையும் தேடித் தேடித் திருத்தினோம், ஒரு வருடத்துக்கும் மேல். 1999 டிசம்பர் 31 இரவு ஆலையிலேயே படுத்தேன். பன்னிரண்டு அடித்தது. எதுவும் ஆகவில்லை. காலையில் வந்த ஓர் அதிகாரி, “ஒண்ணுமே ஆகலையே, இதுக்கா இவ்ளோ செலவு?” என்றார். ஒன்றும் ஆகாமலிருக்கத்தான் செலவு. தடுப்பூசிக்கும் இதே கதிதான்.

“கம்ப்யூட்டர் வந்தா வேலை போயிடும்”

1980களில் வங்கி ஊழியர்கள் இதைச் சொல்லிப் போராடினார்கள். அவர்களை நாங்கள் கேலி செய்தோம். பாதி உண்மை அவர்கள் பக்கம் இருந்தது என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆலையில் பேரேடு எழுதியவர்கள் போனார்கள். அதன் பிறகு எங்களிடம் டேட்டா என்ட்ரி செய்த பெண்களும் போனார்கள், அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. 2021இல் போச்சம்பள்ளி ஓலா ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், பத்தாயிரம் பேர், என்று அறிவிப்பு வந்தது. வேலை வேறு வாசல் வழியாக வருகிறது. ஆனால் போனவர்களே திரும்பி உள்ளே வருவதில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

“பணம் வாங்கவும் பின் நம்பர் போடணும்”

இது ஆபத்தான நம்பிக்கை, ஆகவே நேராகச் சொல்கிறேன். யுபிஐயில் பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப் போகிறது என்று அர்த்தம். பழைய கட்டிலை விற்க விளம்பரம் போட்ட பக்கத்து வீட்டு அம்மாவிடம், ‘முன்பணம் அனுப்பறேன், பின் போடுங்க’ என்று ஒருவன் இந்தியில் சொல்லியிருக்கிறான். போட்டார். கட்டில் இருக்கிறது, பணம் இல்லை. இப்படி ஆனால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு. கடைக்காரர்களுக்கு ஒன்று: அடுத்தவர் போனில் தெரியும் பச்சை டிக்கை நம்பாதீர்கள். உங்கள் போன் சொல்ல வேண்டும், அல்லது பணம் வந்ததைச் சொல்லும் உங்கள் ஒலிப்பெட்டி பேச வேண்டும்.

“செல்போன் டவர்தான் சிட்டுக்குருவியைக் கொன்னுச்சு”

சினிமா பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். 2020இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுக்க எடுத்துப் பார்த்தால் குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் சொன்னது. டவர் இல்லாத கிராமம் இப்போது எங்கே இருக்கிறது?

“கம்ப்யூட்டர் ஹேங் ஆனா வைரஸ்தான்”

வைரஸ் என்பது ஒரு நிரல், அவ்வளவுதான். பிசிக்கான முதல் வைரஸ் என்று சொல்லப்படும் ‘பிரெயின்’, 1986இல் லாகூரில் அண்ணன் தம்பி இருவர் எழுதியது. பிளாப்பி வழியாகப் பரவியது. அது முதல், எது நின்றாலும் பழி வைரஸ் மேல்.

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை மாதம். மெஷின் ஷாப்பில் இருந்த கம்ப்யூட்டர் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நின்றுபோகும். பெங்களூரிலிருந்து இன்ஜினியர் மூன்று முறை ஆன்டிவைரஸ் பிளாப்பியோடு வந்தார். மதர்போர்டை மாற்றினோம். யுபிஎஸ்ஸை மாற்றினோம். மறுநாள் இரண்டு மணிக்கு மறுபடி அதே கதை. கடைசியில் எங்கள் எலக்ட்ரீஷியன், தெலுங்கு பேசும் பெரியவர், மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 18 காட்டியது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீள்ளு போயண்டி சார்.” தண்ணீர் ஊற்றுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்கப் பாறை. கிரானைட் வெட்டி ஏற்றுமதி செய்கிற மண். பாறை மின்சாரத்தை உள்வாங்காது. அதனால்தான் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, நடுவில் கம்பி இறக்கி எர்த் எடுக்கிறோம். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு கலந்த அந்த ஈரத்தின் வழியேதான் கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும். கோடையில் குழி காய்ந்துவிட்டது. மத்தியான ஷிப்டில் வெல்டிங் மெஷின்கள் எல்லாம் ஓடத் தொடங்கியதும், இறங்க வழியில்லாத தொல்லை கம்ப்யூட்டரில் போய் முட்டியிருக்கிறது. ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றினோம். சத்தம் போட்டுக் குடித்தது குழி. மீட்டர் இரண்டுக்கு இறங்கியது. அன்று மாலைவரை கம்ப்யூட்டர் நிற்கவில்லை, அடுத்த நாளும் நிற்கவில்லை. இன்ஜினியரின் மூன்று வருகைக்குமான பில் மட்டும் பிறகு வந்தது.

புது வீடு கட்டுகிறவர்கள் எர்த் குழியை சிமென்ட் போட்டு மூடி, மேலே டைல்ஸும் ஒட்டிவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. மீட்டர் பெட்டியிலிருந்து இறங்கும் கம்பி எங்கே மண்ணுக்குள் போகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை தேடிப் பாருங்கள். மாசி முடிவதற்குள் அதைத் திறந்து, ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.