கப்பலில் உணவு வேளை

முற்காலப் பயணக் கப்பல்களில் மணி ஒலித்த பின்னரே உணவு கிடைக்கும். அனைவரும் குறித்த இருக்கையில் அமர்ந்து, அன்று சமைத்ததையே உண்பர். 1905ஆம் ஆண்டில் கடலில் இறங்கிய ‘அமேரிகா’ என்னும் ஜெர்மானியக் கப்பலில் தனி உணவகம் ஒன்று அமைந்தது. விரும்பிய வேளையில் விரும்பிய உணவைக் கேட்டுப் பெறலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையற்கலைஞர் எஸ்காஃபியே அதனை அமைக்கத் துணைநின்றார். ஆயினும், அவ்வுரிமை முதல் வகுப்பினருக்கே உரியது. அதே கப்பலின் கீழ்த்தளத்தில், பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஏழைக் குடும்பங்கள் இருந்தன. கொடுத்ததே அவர்களுக்கு உணவு. 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் குறித்த நேரம், குறித்த மேசை என்னும் வழக்கத்தைக் கைவிட்டது.

சிந்தித்து எழுதுக: மேல்தள உணவகத்தின் மணம் கீழ்த்தளச் சிறுமி ஒருத்தியை எட்டினால், அவள் தாயிடம் என்ன கேட்பாள்?