மோட்டார் வண்டியின் நுகத்தடி

கொருக்குப்பேட்டை இரயில் சரக்கு நிலையத்தின் அருகே சிறிது நேரம் நின்று பார்த்தால் இருவகை வண்டிகளைக் காணலாம். தண்டவாளத்தின் மேல் சரக்கு வாகன்கள். அவற்றின் பக்கத்தில் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரிகள். முற்காலத்தில் இவற்றோடு மாட்டு வண்டிகளும் சேர்ந்து நின்றன. மூன்றும் சக்கரத்தின் மேல் ஓடுபவையே. எனினும், வளைவில் திரும்புவது எப்படி என்ற கேள்விக்கு இவை மூன்றும் மூன்று விதமாக விடை கண்டுள்ளன. லாரியும் டிராக்டரும் கண்ட விடைக்கு ‘டிபரன்ஷியல்’ என்று பெயர். இவற்றை வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் உபயோகிக்கும் நம் அங்கத்தினர்கள் அதனை அறிந்திருத்தல் அவசியம். அறியாமையால் வீணாவது டயர் மட்டுமன்று. உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு.

வளைவில் நேரும் வேற்றுமை

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு லாரி தெரு முனையில் கால் வட்டமாகத் திரும்புகிறது. உட்புறச் சக்கரம் செல்லும் வட்டத்தின் ஆரம் 6 மீட்டர் என்றும், இரு சக்கரங்களுக்கும் இடையே 1.8 மீட்டர் என்றும் கொள்வோம். உட்சக்கரம் கடக்கும் தூரம் ஏறக்குறைய 9.4 மீட்டர், வெளிச்சக்கரம் கடப்பதோ 12.2 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரமாயின், உட்சக்கரம் 3 சுற்றுச் சுற்றுவதற்குள் வெளிச்சக்கரம் 3.9 சுற்றுச் சுற்றியாக வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இதில் தொல்லை இல்லை. அதன் அச்சு சுற்றுவதில்லை. கடையாணிக்கு உட்புறம் ஒவ்வொரு சக்கரமும் தன் விருப்பப்படி சுழல்கிறது. இழுக்கும் வேலை மாடுகளுடையது. இரயில் வாகனிலோ இரு சக்கரங்களும் அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டவை. அவற்றின் விளிம்பு சற்றே சரிவாகக் கடையப்பட்டிருப்பதால், வளைவில் அச்சு வெளிப்புறம் நகரும்போது வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உட்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருளுகின்றன. தண்டவாளத்தின் மெதுவான வளைவுகளுக்கு அது போதும்.

லாரியின் நிலை வேறு. அதன் பின்சக்கரங்களுக்கு யந்திரம் சக்தி அளிக்க வேண்டும். அதே சமயம் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் இடந்தர வேண்டும். ஒரே கெட்டியான அச்சில் இரண்டையும் பூட்டினால், திருப்பந்தோறும் ஏதேனும் ஒரு டயர் தரையில் தேய்ந்தே தீரும்.

நுகத்தடியின் தத்துவம்

நுகத்தடியை நினைத்துக்கொண்டால் டிபரன்ஷியல் எளிதில் விளங்கும். நுகத்தடி நடுவில் ஏர்க்காலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் மாடுகள். ஒரு மாடு சற்று முந்தினால் நுகத்தடி சாய்ந்து இடங்கொடுக்கிறது. ஆயினும் நடுவில் பிணைப்பு இருப்பதால் இரு முனைகளிலும் பாரம் சமமாகவே விழுகிறது.

லாரியின் பின் அச்சுக் கூட்டுக்குள் நிகழ்வதும் இதுவே. யந்திரத்திலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையிலுள்ள பினியன், ‘கிரவுன்’ என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனோடு ஒரு கூண்டு சேர்ந்து சுழலும். கூண்டிலுள்ள குறுக்குத் தண்டில் ‘ஸ்டார் பினியன்’ எனப்படும் சிறு பற்சக்கரங்கள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றின் இருபுறமும், இரண்டு பாதி அச்சுகளின் முனைகளிலுள்ள பற்சக்கரங்கள் பொருந்தி நிற்கின்றன. ஸ்டார் பினியனே சுழலும் நுகத்தடி. வண்டி நேரே செல்கையில் அது தன் தண்டின் மேல் உருளாமல், இருபுறப் பற்சக்கரங்களையும் சமமாகத் தள்ளிச் செல்கிறது. திருப்பத்தில் அது உருண்டு, ஒரு பக்கத்தில் குறைந்த சுற்றை மறு பக்கத்தில் கூட்டுகிறது.

இதன் விதி இரண்டே. இரு சக்கரங்களின் சுற்றுகளைக் கூட்டினால் கிரவுனின் சுற்றைப் போல் இரு மடங்கு வரும் என்பது ஒன்று. இரு சக்கரங்களுக்கும் செல்லும் விசை எப்போதும் சமம் என்பது மற்றொன்று.

நெசவாளர் உறுப்பினர்களுக்கும் இது அந்நியமானதன்று. நூற்பாலையில் பஞ்சுத் திரியைப் பாபினில் சுற்றும் ரோவிங் யந்திரத்தில், பாபின் பருக்கப் பருக்க அதன் வேகம் மாற வேண்டும். மாறாத வேகம் ஒன்றையும் மாறும் வேகம் ஒன்றையும் கூட்டித்தரும் டிபரன்ஷியலை மான்செஸ்டரைச் சேர்ந்த ஹென்றி ஹோல்ட்ஸ்வர்த் என்பவர் 1826இல் இதற்கெனப் பதிவு செய்தார். மோட்டார் கார் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே நூல் தொழிலில் இது புகுந்துவிட்டது.

குறையும் அதற்கான வகைகளும்

சமமான விசை என்ற குணமே சேற்றில் குறையாகிறது. ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றது கெட்டித் தரையிலும் நிற்பதாகக் கொள்வோம். சேற்றுச் சக்கரத்திற்குப் பிடிப்பு இல்லை. அதைச் சுழற்ற மிகச் சிறு விசை போதும். விதிப்படி மறு சக்கரத்திற்கும் அதே சிறு விசைதான் கிடைக்கும். கிரவுன் 100 சுற்றுச் சுற்றினால், ஒன்று 200 சுற்றும், மற்றது சும்மா நிற்கும். வண்டி அசையாது. இக்குறையை நீக்கவே பல வகைகள் ஏற்பட்டன.

முதலாவது, பூட்டுள்ள டிபரன்ஷியல். ஒரு மிதியையோ நெம்புகோலையோ இயக்கினால் பாதி அச்சு கூண்டோடு பிணைந்து, இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும். டிராக்டர்களில் பெரும்பாலும் காண்பது இதுவே.

இரண்டாவது, நழுவலைக் கட்டுப்படுத்தும் வகை. கூண்டுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே உள்ள கிளட்ச் தகடுகள் உராய்ந்து, ஒரு சக்கரம் மிகையாகச் சுழல்வதைத் தடுக்கும். தகடுகள் நாளடைவில் தேயும். இதற்கெனத் தனி எண்ணெயும் வேண்டும்.

மூன்றாவது, திருகுப் பற்சக்கரங்களைக் கொண்ட டார்சன் வகை. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் இதற்கு 1958இல் காப்புரிமை பெற்றார். பிடிப்புள்ள சக்கரத்திற்கு இது அதிக விசையை அனுப்பும். ஆனால் ஒரு சக்கரம் முற்றும் அந்தரத்தில் நின்றால் இதுவும் பயன்படாது.

இக்காலக் கார்கள் பலவற்றில் சாதாரண டிபரன்ஷியலே இருக்க, நழுவும் சக்கரத்தை மட்டும் மின்னணுச் சாதனம் பிரேக் போட்டு நிறுத்துகிறது. சேற்றுச் சக்கரத்திற்குத் தடை ஏற்பட்டதும் மறு சக்கரத்திற்கு விசை கிடைக்கிறது. டிராக்டரில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிப் பிரேக் இருப்பதால், ஓட்டுபவர் இதே உபாயத்தைக் காலாலேயே செய்யலாம்.

எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றி, 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய தொழிற்சாலையின் லாரிகளை வடசென்னையில் காணாதார் இலர். பின்னால் இரண்டு அச்சுகளுக்கும் சக்தி செல்லும் கனரக லாரிகளில், அச்சுக்கு ஒன்றாக இரண்டும், அச்சுகளுக்கு இடையே ஒன்றுமாக மூன்று டிபரன்ஷியல்கள் உண்டு. திருவொற்றியூரில் 1950களிலிருந்து செய்யப்பட்ட என்பீல்டு மோட்டார் சைக்கிளுக்கோ ஒன்றுகூடத் தேவையில்லை. சக்தி பெறும் சக்கரம் ஒன்றே அன்றோ!

கவனிக்க வேண்டியவை

சேற்றில் சக்கரம் வேகமாகச் சுழலும்போது பூட்டைப் போடலாகாது, பற்கள் முறியும். கிளட்சை மிதித்துச் சுழற்சியை நிறுத்திய பின்னரே போட வேண்டும். சேற்றைக் கடந்ததும் எடுத்துவிட வேண்டும். பூட்டோடு திரும்ப முயன்றால், முன்சக்கரங்களைத் திருப்பினாலும் டிராக்டர் நேரேயே பாயக்கூடும். சாலையில் செல்லுமுன் இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி குடைசாயலாம்.

வண்டியைக் கியரில் நிறுத்திவிட்டோம் என்ற தைரியத்தில் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்குதல் பெருந்தவறு. தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுழலத் தடையில்லையாதலால், தரையிலுள்ள சக்கரம் உருண்டு வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பின்னரே தூக்க வேண்டும்.

ஒரு பக்கம் புதிய டயரும் மறு பக்கம் தேய்ந்த டயரும் பூட்டினால், நேர்ச்சாலையிலும் ஸ்டார் பினியன் ஓயாது உருண்டு தேயும். டயர்களை ஜோடியாக மாற்றுவதே சிக்கனம். அச்சுக் கூட்டின் எண்ணெய் அளவையும் உரிய காலத்தில் பார்த்தல் வேண்டும்.

சங்கத்திற்கு டிராக்டர் வாங்கும் முன், அதில் டிபரன்ஷியல் பூட்டு உண்டா, அதை எவ்விதம் போட்டு எடுப்பது என்பதை விற்பவரிடம் இயக்கிக் காட்டச் சொல்லி, ஓட்டுநரும் உடனிருந்து கற்றுக்கொள்ளும்படி செய்யுமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.