குலைநோய்ப் பூஞ்சையைப் படித்தால் வயலுக்கு என்ன லாபம்?

கேள்வி: நெல் குலைநோய்ப் பூஞ்சையின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்துவிட்டார்களாமே? அதனால் விவசாயிக்கு என்ன பயன்?
– ஒரு வாசகர், கண்ணமங்கலம்

பதில்: ஆமாம், 2005-லேயே அதன் வரைவு வெளியாகிவிட்டது. ஏறத்தாழ 4 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், சுமார் 11,000 மரபணுக்கள். டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படித்து, ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் பகுதிகளை வைத்துக் கணினியில் கோத்தார்கள். இன்று அதே வேலைக்கு உள்ளங்கையில் அடங்கும் கருவிகளும் உண்டு.

முதல் பயன், வந்திருப்பது யார் என்று கண்டுபிடிப்பது. 2016-ல் வங்கதேசத்தில் கோதுமைக் கதிர்கள் திடீரென வெளுத்துக் காய்ந்தன. நோயுற்ற இலைகளிலிருந்தே மரபணுத் தகவலைப் படித்தபோது, அது உள்ளூர் நெல் பூஞ்சை அல்ல, அதே பூஞ்சை இனத்தில் தென் அமெரிக்கக் கோதுமையைத் தாக்கும் வகை என்பது தெரிந்தது.

இரண்டாவது பயன், ரகத் தேர்வு. பூஞ்சை எந்தப் புரதங்களை ஏவிப் பயிரை ஏமாற்றுகிறது, எந்த நெல் மரபணு அவற்றை அடையாளம் காண்கிறது என்று பொருத்திப் பார்க்கலாம். பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021-ல் வெளியிட்ட பூசா பாஸ்மதி 1847 போன்ற ரகங்களில் பை2, பை54 என்ற இரு எதிர்ப்பு மரபணுக்கள் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரே மரபணுவை நம்பினால் பூஞ்சை மாறித் தப்பிவிடும்; இரண்டையும் ஒருசேர மீறுவது கடினம்.

உங்கள் வயலில் குலைநோயின் அடையாளமாக இலையில் கண் வடிவப் புள்ளி தெரிந்தால் சோதனைக்கூடம் வரை போக வேண்டியதில்லை. தழைச்சத்து மிகுந்தால் நோய் கூடும் என்பதால், யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். அடுத்த போகத்துக்கு, கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள்.