மண் கரிமமும் ‘ஆயிரத்துக்கு நான்கு’ கணக்கும்

உலகின் விளைநிலங்கள் அனைத்தும் இயற்கை வேளாண்மைக்கு மாறினால், நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வெளிவிடும் கரியமில வாயு முழுவதையும் மண்ணே ஈர்த்துக்கொள்ளும் என்னும் பேச்சு, எத்தனை முறை மறுக்கப்பட்டாலும் மேடைக்கு மேடை ஒலிக்கிறது. 2015ஆம் ஆண்டு பாரிஸ் காலநிலை மாநாட்டில் பிரான்ஸ் முன்வைத்த, மண் கரிமத்தை ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு நான்கு பங்கு உயர்த்தக் கோரும் ‘ஆயிரத்துக்கு நான்கு’ முயற்சியை இதற்குச் சான்றாகக் காட்டுவோர், அந்த நான்கு எப்படிக் கிடைத்தது என்று பார்ப்பதே இல்லை. எரிபொருள்களிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் கரிமத்தை 890 கோடி டன் என்றும், உலக மண்ணில் 2 மீட்டர் ஆழம் வரை உள்ள கரிமத்தை 2,40,000 கோடி டன் என்றும் கொண்டு, முன்னதைப் பின்னதால் வகுத்துப் பெற்ற விகிதமே அது. காடு, புல்வெளி, சதுப்பு, துருவத்தை ஒட்டிய உறைநிலம் எல்லாம் அந்த மண்ணில் அடக்கம். பயிர்நிலமோ நிலப்பரப்பில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. ஏர் படாத நிலத்தின் கணக்கையும் உழவர் தலையில் ஏற்றுவது பொறுப்பற்ற செயல்.

பயிர்நிலமும் ஆண்டாண்டாகக் கரிமத்தை ஏற்றுக்கொண்டே இருப்பதில்லை. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843இல் தொடங்கி இன்றும் நடைபெறும் பிராட்பாக் கோதுமை வயலில், ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழு உரம் பெற்ற பகுதியின் கரிமம், உரமே பெறாத பகுதியினதைப் போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது உண்மை. ஆனால் தொடக்கப் பத்தாண்டுகளில் விரைந்த அவ்வுயர்வு, போகப்போகத் தளர்ந்து ஏறக்குறைய நின்றது. நுண்ணுயிர்கள் மட்கைச் சிதைத்து வாயுவாக வெளிவிடும் அளவு, புதிதாகச் சேரும் அளவை எட்டிவிடும் இந்நிலையே சமநிலை எனப்படும். உரம் நிறுத்தப்பட்டால் சேர்ந்ததும் கரையத் தொடங்கும். அத்துடன், எக்டேருக்கு 35 டன் எருவுக்கான தீவனம் வேறு நிலங்களில் விளைந்தாக வேண்டும். அங்கிருந்து இங்கு வந்த கரிமத்தைக் காற்றிலிருந்து புதிதாகப் பிடித்ததாக எழுதுவது பிழை.

உழவைக் கைவிட்டாலே கரிமம் பெருகும் என்பது அரை உண்மை. மேல்மண்ணில் கூடுவது, கீழே குறைவதால் பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. வைக்கோலை மடக்கி உழுதாலே போதும் என்பதும் அப்படியே: நிலைத்த மட்கில் 1 டன் கரிமம் தங்க, சுமார் 80 கிலோ தழைச்சத்தும் உடன் தேவை.

தொழு உரம் மண்ணின் நீர்ப்பிடிப்பையும் விளைச்சலையும் காப்பது, அதற்காகவே இடத்தக்கது. ஆனால் மண்ணில் சேர்த்த கரிமத்தை, பிறர் உமிழ்வுக்கு ஈடாகும் ‘கரிம வரவு’ என விற்பதானால் முதலில் ஒழுங்காக அளக்க வேண்டும். இந்தியாவின் மண்வள அட்டை அங்ககக் கரிமத்தைச் சதவீதமாக மட்டுமே தருகிறது. குறிப்பிட்ட பருமனுள்ள மண்ணின் உலர் எடையாகிய பரும அடர்த்தி அதில் இல்லை. 30 செ.மீ. ஆழத்துக்கு 0.6 சதவீதம் என்பது, அடர்த்தி கன செ.மீ.க்கு 1.3 கிராம் ஆனால் எக்டேருக்கு 23.4 டன், 1.5 ஆனால் 27 டன். உலோக உருளையை மண்ணில் இறக்கி, வெட்டியெடுத்த மண்ணை 105 பாகை செல்சியஸில் உலர்த்தி எடைபோட்டால் விடை கிடைத்துவிடும். இந்த எளிய சோதனையை ஒவ்வொரு மண் ஆய்வுக்கூடத்திலும் கட்டாயமாக்கும் வரை, கரிம வரவுக்கான ஒப்பந்தம் எதையும் உழவர்முன் நீட்டலாகாது.