பால் ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு: எந்த வேலைக்கு எந்தப் பால்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பாலுக்குப் பஞ்சமே இல்லை. ஆவினின் பால் பண்ணைகளில் ஒன்று அம்பத்தூரிலேயே இருக்கிறது. விடிகாலையில் பூத்துக்குப் போய் நீலமா, ஆரஞ்சா என்று நிறத்தைச் சொன்னால் பாக்கெட் கைக்கு வந்துவிடும். குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு உப்பி, இரைந்து, கழிவறைக்கு ஓடுகிறவர்களுக்குத்தான் சிக்கல். கடையில் சோயா, பாதாம், ஓட்ஸ் என்று வரிசையாக அட்டைப்பெட்டிகள் நிற்கின்றன. விலையோ பசும்பாலைப் போலப் பல மடங்கு. ஒன்றை வாங்கி வந்தால் காபியில் திரிகிறது, இன்னொன்று தயிராக உறைய மாட்டேன் என்கிறது.

பாலுக்கு மாற்றாக ஒரே பொருளைத் தேடுவதால்தான் இந்த அவதி. நம் வீட்டில் பாலுக்கு நாலு வேலை: காபி, தயிர், பாயசம், பிள்ளையின் டம்ளர். நாலுக்கும் ஒரே மாற்று கிடையாது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஆகாதது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"பால் ஒத்துக்கலை" என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன.

முதலாவது, லாக்டோஸ் செரியாமை. பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்சைம் சிறுகுடலில் குறைந்துபோவதால் வருவது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது. தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. நம் பக்கம் இது சகஜம். 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட வட இந்தியர்களில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானவர்களுக்கே இது இருந்தது; தென்னிந்தியர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இருந்தது.

இரண்டாவது, பால் புரத ஒவ்வாமை. கேசின், வே ஆகிய புரதங்களை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்குவது. தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இழுப்பு என்று வரும். பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் பார்க்கலாம். இதில் ஒரு சொட்டுகூட வம்புதான். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ 108-ஐ அழையுங்கள். வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம்.

எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் இரண்டுக்குமே தீர்வு இல்லை. லாக்டோஸ் அவற்றிலும் உண்டு. புரதங்களும் பசும்பால் புரதத்தை ஒத்தவை என்பதால், பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது.

படி 2: இரண்டு வாரம் சோதித்துப் பாருங்கள்

வயிற்றுத் தொல்லை மட்டும்தான் என்றால், வளர்ந்தவர்கள் இதை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு வாரம் பாலை முழுதாக நிறுத்துங்கள். சாப்பிட்டதையும் வயிறு சொன்னதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு லாக்டோஸ் நீக்கிய பாலை வாங்கிக் குடித்துப் பாருங்கள். அது பசும்பாலேதான்; லாக்டோஸை மட்டும் முன்கூட்டியே உடைத்திருப்பார்கள், அதனால் சற்றுத் தித்திக்கும். அது ஒத்துக்கொண்டு, சாதாரணப் பால் மட்டும் படுத்தினால், குற்றவாளி லாக்டோஸ்தான்.

அப்படியானால் பாதிப் பிரச்சினை அப்போதே தீர்ந்தது. 200 மில்லி டம்ளர் பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. லாக்டோஸ் ஆகாதவர்களில் பலர் ஒரு வேளைக்கு அந்த அளவையோ அதில் பாதியையோ தாங்குவார்கள், அதுவும் சாப்பாட்டோடு சேர்த்தால். தயிர் உறையும்போது லாக்டோஸில் ஒரு பங்கு குறைகிறது, தண்ணீர் ஊற்றிய மோரில் இன்னும் குறைவு. அரை டம்ளர் காபியும் மதியம் மோரும் ஒத்துக்கொள்கிறவர் பாதாம் பானத்துக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை.

தொல்லை தீரவே இல்லையா? மலத்தில் ரத்தம், எடை குறைதல், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு என்று ஏதாவது இருக்கிறதா? உடனே வயிற்று மருத்துவரைப் பாருங்கள். குழந்தைக்கு என்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து எட்டிவிடும் தூரம்தான்.

படி 3: வேறு எதெல்லாம் ஆகாது என்று பட்டியலிடுங்கள்

பால் ஆகாதவர்கள் சிலருக்கு வேறு சிலவும் ஆகாது. வாங்குவதற்கு முன்பே அவற்றை அடித்துவிடுங்கள்.

• கோதுமை (குளூட்டன்) ஆகாது என்றால் ஓட்ஸில் கவனம். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு ஒரே ஆலையில் அரைபடுகிறது. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள்.

• வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் கடலைப் பாலும் கடலைத் தயிரும் கிடையாது. பாதாம், முந்திரியையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

• பருப்பு வகை எதைத் தின்றாலும் வாயு பிடிக்கிறவருக்கு, வீட்டில் முழுப் பயறாக அரைத்த சோயாப் பாலும் அதையேதான் செய்யும்.

• சர்க்கரை நோய் இருந்தால் ஓட்ஸ், அரிசிப் பானங்களைக் குறையுங்கள். மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகவே வருகிறது.

படி 4: வேலைக்கு ஏற்றதை எடுங்கள்

காபி, டீ: டிகாஷனில் அமிலம் உண்டு. சூடும் அமிலமும் சேர்ந்தால் சோயா, பாதாம் பானங்கள் திரிந்துவிடும். ஓட்ஸ் பானம் அவ்வளவாகத் திரியாது, நுரையும் கட்டும். பாக்கெட்டில் 'பாரிஸ்டா' என்றோ, பொருள் பட்டியலில் ஐ.என்.எஸ். 340 என்றோ இருந்தால், அமிலத்தைச் சமன்படுத்தும் உப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். பானத்தைத் தனியே இளஞ்சூடாக்கி, அதில் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கொதிக்கும் டிகாஷனில் பானத்தைக் கொட்டாதீர்கள். இஞ்சி டீ என்றால் இஞ்சியும் தூளும் கொதித்து முடிந்து, அடுப்பை அணைத்த பிறகே சோயா பானம் சேர வேண்டும்.

தயிர், மோர்: இங்கே வேர்க்கடலைதான் ராஜா, செலவும் குறைவு. தோலோடு கூடிய பச்சைக் கடலை ஒரு கப் எடுத்து, சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலை நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு நைசாக அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே, பச்சை வாசனை போகும்வரை காய்ச்சுங்கள். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பச்சை மிளகாய்க் காம்பு ஐந்தாறை அமிழ்த்தி மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு பகலுக்குள் உறைந்துவிடும். முதல் தடவை உறைவது சுமாராகத்தான் இருக்கும். அதில் ஒரு கரண்டியை உறையாக வைத்து அடுத்த தடவை போட்டால் தயிர் கெட்டியாக வரும். பால் புரத ஒவ்வாமை உள்ள வீட்டில் மாட்டுத் தயிரை உறையாக விடக் கூடாது. அந்த ஒரு கரண்டியிலும் கேசின் இருக்கிறது. கடலைத் தயிரில் மோர்க்குழம்பு வைத்தால் பொங்கி வரும்போதே இறக்கிவிடுங்கள்.

பாயசம், குருமா, ஆப்பம்: தேங்காய்ப் பால் இருக்க வேறெதற்குத் தேடல்? இரண்டாம் பாலில் வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பதுதான். மதுரைப் பக்கத்துப் பருத்திப்பாலும் மாட்டுப்பால் சேராத பானமே: பருத்திக்கொட்டைப் பால், அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, தேங்காய். ஆனால் தேங்காய்ப் பாலில் புரதம் சொற்பம், நிறைவுற்ற கொழுப்பு அதிகம். தினமும் டம்ளர் டம்ளராகக் குடிக்கிற பொருள் இல்லை.

பிள்ளையின் டம்ளர்: ஒரு வயதுக்குள் தாய்ப்பால், இல்லையென்றால் மருத்துவர் எழுதித் தரும் சிறப்புப் பால் மாவு. தாவரப் பானம் எதுவும் அதற்கு ஈடாகாது. ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கும் கேழ்வரகுப் பால் நல்ல இணை உணவு, ஆனால் தாய்ப்பாலின் இடத்தில் வைக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேல், பசும்பாலுக்குப் புரதத்தில் நெருங்கி வருவது சோயா பானம் மட்டுமே: 100 மில்லிக்கு 3 கிராம் அளவில். ஓட்ஸில் 1 கிராம் அளவு, பாதாம் பானங்கள் பலவற்றில் அதற்கும் குறைவு. அரிசிப் பானத்தை ஐந்து வயதுக்குள் தவிருங்கள். அரிசியில் இயல்பாகவே ஆர்செனிக் சற்றுக் கூடுதல் என்பதால் பிரிட்டனில் அரசே அப்படி அறிவுறுத்துகிறது. வீட்டில் சோயாப் பால் எடுத்தால், அரைத்த பிறகு இருபது நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அப்போதுதான் அடங்கும். வெந்நீர் விட்டு அரைத்தால் பயற்றின் பச்சை வாடையும் குறையும்.

படி 5: லேபிளை இந்த வரிசையில் படியுங்கள்

பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது சைவம் என்று மட்டுமே சொல்கிறது. நம் சட்டத்தில் பாலும் சைவம். பாலே சேராத பொருளுக்கு 2022-ன் வீகன் உணவு விதிகளின்படி பச்சை நிறத்தில் 'வி' எழுத்துச் சின்னம் உண்டு. அட்டையில் 'சோயா மில்க்' என்று தேடினாலும் கிடைக்காது. தாவரப் பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிப்பதில்லை. 'டிரிங்க்', 'பெவரேஜ்' என்றுதான் இருக்கும். தேங்காய்ப் பாலுக்கு மட்டும் விலக்கு.

அடுத்து, பொருள் பட்டியலுக்குக் கீழே உள்ள ஒவ்வாமை வரி. பால், சோயா, வேர்க்கடலை, கொட்டை வகைகள், குளூட்டன் தானியம் ஆகியவற்றை அங்கே சொல்லியாக வேண்டும். 'மே கன்டெய்ன் மில்க்' என்றிருந்தால் லாக்டோஸ்காரர் வாங்கலாம், ஒவ்வாமைக்காரர் கீழே வைத்துவிட வேண்டும். பட்டியலில் கேசினேட், வே பவுடர், மில்க் சாலிட்ஸ் எல்லாமே பால்தான். சில தேங்காய்ப் பால் பவுடர்களிலும், 'நான் டெய்ரி' என்று விற்கும் காபி கிரீமர்களிலும் சோடியம் கேசினேட் இருப்பதுண்டு.

கடைசியாகச் சர்க்கரையும் கால்சியமும். 'அன்ஸ்வீட்டன்ட்' எடுங்கள். 100 மில்லிக்குக் கால்சியம் 120 மில்லிகிராம் அளவில் இருந்தால் பசும்பாலுக்குச் சமம். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும்; ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள்.

படி 6: விட்ட சத்தைத் தட்டில் பிடியுங்கள்

வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். ஒரு டம்ளர் பால் தருவது சுமார் 240. அறுபது கிராம் கேழ்வரகு மாவில் சுட்ட அடை கிட்டத்தட்ட அதே அளவு தரும். எள்ளுப்பொடி, அகத்திக்கீரை, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் இந்தக் கணக்கில் சேர்பவை. வீட்டில் அரைத்த பாதாம் பாலில் கால்சியம் பெயருக்குத்தான்; அதை நம்பி இருக்க வேண்டாம்.

சைவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பி12 வைட்டமின் அவர்களுக்குக் கிடைப்பதே பாலிலிருந்தும் தயிரிலிருந்தும்தான். இரண்டையும் முழுதாக விட்டால், மருத்துவரைக் கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

படி 7: வெளியே சாப்பிடும்போது கேளுங்கள்

தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் டீக்கடையில் பிளாக் டீ, லெமன் டீ, சுக்குக் காபி கேட்கலாம். ஒவ்வாமை கடுமையாக உள்ளவர் சொந்த டம்ளர் கொண்டுபோவது நல்லது. ஓட்டலில் "அண்ணே, பொங்கல்ல நெய் இருக்கா? ரவா தோசை மாவுல மோர் ஊத்துனீங்களா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பரோட்டா மாவில் பால் சேர்ப்பதுண்டு, பிரியாணியில் தயிர் உண்டு, பேக்கரி பிரெட்டில் பால் பவுடர் உண்டு. மாத்திரைகளிலும் லாக்டோஸ் சேர்ப்பார்கள். மிகச் சிறிய அளவுதான் என்றாலும், ஒவ்வாமை இருந்தால் மருந்துக் கடையில் சொல்லிவிடுங்கள்.

படி 8: வீடு முழுக்க மாற்றாதீர்கள்

ஒருவருக்கு ஆகவில்லை என்பதற்காக எல்லோர் பாலையும் நிறுத்த வேண்டியதில்லை. அடுத்த மாத ஆவின் கார்டில் அளவைக் குறைத்தால் போதும். புதுப் பானம் எதையும் முதலில் சிறிய பெட்டியாக வாங்கி, மூன்று நாள் குடித்துப் பார்த்துவிட்டுப் பெரியதை வாங்குங்கள். வீட்டில் எடுத்த கடலைப் பாலும் சோயாப் பாலும் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், தேங்காய்ப் பாலை அன்றன்றே முடித்துவிட வேண்டும்.

கணக்குப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியது காபிக்கு ஓட்ஸோ பிள்ளைக்குச் சோயாவோ, ஏதேனும் ஒரு பெட்டிதான். மற்றதெல்லாம் தேங்காயும் கடலையும் கேழ்வரகுமாக, மளிகைக் கடையிலேயே இருக்கிறது. குழந்தைக்கு என்றால் மட்டும் மருத்துவர் முதலில், கடை அப்புறம்.