கம்பி போடுவதற்கு முன்

கிள்ளான்

அன்பு மருமகளுக்கு,

புலனத்தில் நீ அனுப்பிய விளம்பரப் படத்தைப் பார்த்தேன். ஜெஞ்சாரோமில் உங்கள் தாமானுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா வீட்டிலேயே பல்லுக்குக் கம்பி போட்டுவிடுகிறாராம். இருநூறு வெள்ளிதானாம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமாம், ரப்பர் நிறத்தை நாமே தேர்ந்தெடுக்கலாமாம். "போடலாமா அத்தை?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். குரல் பதிவில் பதில் அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு டிக் டாக் பார்க்கப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன்.

போடாதே. பதில் அவ்வளவுதான். ஆனால் மூன்றாம் படிவத்தில் படிக்கிற பிள்ளையிடம் காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்றால் அது கேட்காது. அரசாங்கத்தில் பல் மிசியாகப் பள்ளி பள்ளியாகச் சுற்றியவள் நான், அது எனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய படத்தை மறுபடி திறந்து பெரிதாக்கிப் பார். பல்லில் ஒட்டியிருக்கும் சின்ன உலோகத் துண்டுகளுக்குப் பெயர் பிராக்கெட். மேல்வரிசையில் இரண்டாவது பல்லில் அது ஈறுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அடுத்த பல்லில் நுனியில் இருக்கிறது. பசை வழிந்து இரண்டு பற்களுக்கு நடுவே வெள்ளையாக உறைந்திருக்கிறது. வலது பக்கத்தில் கம்பியின் முனை வெட்டப்படாமல் கன்னத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் தெரியுமா? முறையான பிராக்கெட் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகச் செய்யப்படுவது. உள்ளே கம்பி உட்காரும் பள்ளத்தின் சாய்வு முன்பல்லுக்கு ஒன்று, கோரைப்பல்லுக்கு வேறொன்று. இடப்பக்கத்துக் கோரைப்பல்லுக்கானதை வலப்பக்கத்தில் ஒட்டக்கூடாது. ஒட்டும் உயரம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் பல் அந்த அளவுக்கு மேலேயோ கீழேயோ போய் நிற்கும். இணையத்தில் பொட்டலமாக வாங்கி, வரிசையாக ஒட்டுகிறவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

பல் எப்படி நகர்கிறது என்பது தெரிந்தால் மீதி உனக்கே விளங்கிவிடும். பல் எலும்பில் ஆணி அடித்தாற்போல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி மெதுவாக ஒரு பக்கம் தள்ளும்போது, அழுந்துகிற பக்கத்து எலும்பைச் சில உயிரணுக்கள் கரைக்கும். விரிகிற பக்கத்தில் வேறு உயிரணுக்கள் புது எலும்பு கட்டும். இப்படிக் கரைந்தும் கட்டியும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் பல் நகரும். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று மருத்துவர் சொல்வதன் கணக்கு இதுதான். கம்பிக்கு அதில் சின்னப் பங்குதான், மீதி வேலையையெல்லாம் உன் எலும்பு செய்கிறது. அவசரப்பட்டு அழுத்தினால் பல் வேகமாக வராது. நார்ப்படலத்தில் இரத்த ஓட்டம் நின்றுபோகும், வேர் நுனி கரைந்து குட்டையாகும். குட்டையான வேர் திரும்ப வளராது. அது எக்ஸ்ரேயில்தான் தெரியும், கண்ணாடியில் தெரியாது.

ஆகவே அந்த அக்கா போடும் கம்பி ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தால் நீ கொடுத்துவைத்தவள். அது வேலை செய்தால்தான் ஆபத்து. எங்கே தள்ளுகிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று யாரும் முடிவு செய்யவில்லை, யாரும் பார்த்துக்கொண்டும் இல்லை. எலும்புக்குள் முளைக்காமல் படுத்துக்கிடக்கும் பல் ஏதாவது இருக்கிறதா என்றுகூடப் பார்த்திருக்க மாட்டார். கருவிகளை எதில் சுத்தம் செய்கிறார் என்று கேட்டுப் பார். கிளினிக்கில் அழுத்த நீராவிப் பெட்டியில் 121 அல்லது 134 டிகிரியில் வைத்து எடுப்பார்கள். டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்தால் ஹெப்படைட்டிஸ் பி கிருமி செத்துவிட்டதென்று நம்ப முடியாது.

ஒரு பள்ளியில் ஒரு மாணவி இப்படிப் போட்டுக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். கண்ணாடியை வைத்ததுமே ஈறிலிருந்து இரத்தம். வழிந்த பசைக்கு அடியில் இரண்டு மாதச் சோறும் குழம்பும் தங்கிப் புளித்திருந்தன. அவளை மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். அவர் பசையைச் சுரண்டி எடுத்தபோது இரண்டு பற்களில் எனாமலும் சேர்ந்து போயிற்று. எனாமலுக்கு உயிரணு கிடையாது. தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும், எனாமல் போனால் போனதுதான்.

நம் நாட்டில் இது புதிதல்ல. 2017-இல் மலாக்காவில் இருபது வயதுப் பெண் ஒருவருக்கு, பதிவில்லாத பல் கிளினிக் நடத்தியதற்காக நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். சில நாளில் பொதுமக்கள் நன்கொடை திரட்டிக் கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக அப்போது செய்தி வந்தது. 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி இந்தக் குற்றத்துக்குத் தனியாள் ஒருவருக்கு 300,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பிறகு 2018-இல் புதிய பல் மருத்துவச் சட்டம் நிறைவேறி 2022 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்குப் பிறகும் கம்பி மட்டுமல்ல, கம்பி கழற்றிய பின் பல்லை நிலைநிறுத்தும் ரிடெய்னரில் போலி, பல்மேல் மாட்டும் போலி வெனீர் என்று வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது. நன்கொடை கொடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இருபது வயதுப் பிள்ளை சிறையில் இருந்தால் யாருக்கும் மனசு கேட்காது. ஆனால் அவரிடம் பல்லைக் கொடுத்தவர்களுக்காக யாரும் உண்டியல் ஏந்தியதாக எனக்கு நினைவில்லை.

ஏன் போகிறார்கள் என்றால் பணம்தான். இதை மறைத்துப் பேசக்கூடாது. தனியார் கிளினிக்கில் கம்பி என்றால் பொதுவாக ஐந்தாயிரம் வெள்ளிக்கு மேல். துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் உன் அப்பாவிடம் அதை ஒரே மூச்சில் கேட்க உனக்குத் தயக்கமாக இருப்பது எனக்குப் புரிகிறது. அதற்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன் வேறொரு கேள்வி. உனக்குக் கம்பி தேவையா?

1989-இல் இங்கிலாந்தில் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். பல் வரிசைக் கோளாறை ஒன்று முதல் ஐந்து தரம் வரை பிரிக்கும். நான்கும் ஐந்தும் சிகிச்சை கட்டாயம் வேண்டியவை. மேல் முன்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி 6 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் நான்கு, 9-ஐத் தாண்டினால் ஐந்து. பல் தன் இடத்தை விட்டு 4 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தாலும் நான்குதான். உன் தெத்துப்பல் பாட்டியிடமிருந்து வந்தது. கோரைப்பல் பதினொன்று, பன்னிரண்டு வயதில் கடைசி ஆளாக வரும். வருவதற்குள் மற்றவர்கள் இடத்தைப் பிடித்துவிட்டால் வெளியே ஏறி நிற்கும். எவ்வளவு விலகியிருக்கிறது என்று வாயில் அளந்து பார்த்தால்தான் தெரியும், படத்தில் தெரியாது. ஒன்று, இரண்டு தரத்துக்குள் வந்தால் கம்பி உன் விருப்பம், அவசியம் இல்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிறாயே, அதையும் மருத்துவரிடம் சொல். அதுவும் கணக்கில் வரும் விஷயம்தான்.

ஆனால் எந்த நல்ல மருத்துவரும் இன்றைக்கே உனக்குக் கம்பி போடமாட்டார். போன தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன், கீழ் வலது கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. ஓட்டையும் ஈறு வீக்கமும் இருக்கிற வாயில் கம்பி மாட்டினால் அழுக்கு தங்க இன்னும் நூறு மூலை கிடைக்கும். கம்பியைக் கழற்றும் நாளில் பல் நேராகவும், பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு நிறத்தில் வளையமாகவும் இருக்கும். காசு கொடுத்துக் கறை வாங்கிய கதை.

பல் சொத்தையாவது இனிப்பின் அளவால் மட்டும் அல்ல, எத்தனை தடவை வாய்க்குள் போகிறது என்பதாலும்தான். கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கும். அமிலத்தைக் காட்டும் pH எண் வாயில் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரம் போல எடுக்கும். பெரிய கப் சிரப் பண்டோங்கை வகுப்பு முடியும்வரை உறிஞ்சிக்கொண்டிருந்தால் எச்சிலுக்கு நேரமே கிடைக்காது. அதையே சாப்பாட்டோடு ஒரே தடவையில் குடித்து முடித்தால் சேதம் குறைவு. பையில் வைத்துக்கொண்டு கொறிக்கிற ஆசாம் போயும் இதே கணக்குதான், அதில் புளிப்பு வேறு.

இன்னொன்று. நம் குழாய் நீரில் ஃபுளோரைடு கலக்கும் கொள்கை 1972-இல் வந்தது. இப்போது பத்து லட்சத்தில் அரைப் பங்கு என்ற அளவில் கலக்கிறார்கள். உங்கள் வீட்டில் கடை ஓரத்துத் தானியங்கி இயந்திரத்திலிருந்து பிடித்துவரும் தண்ணீரில் வடிகட்டும்போது அது பெரும்பாலும் போய்விடும். அந்தத் தண்ணீர் குடிக்காதே என்று சொல்லவில்லை. பற்பசையாவது ஃபுளோரைடு உள்ளதா என்று பசைக் குழாயின் பின்பக்கத்தைப் பார், ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐநூறு வரை ppm எண் போட்டிருக்கும். மூலிகைப் பசைகள் பலவற்றில் அது இல்லை. தோட்டத்து லயத்தில் அடுப்புக்கரியால் விளக்கிய தலைமுறை எங்களுடையது. இன்று அதே கரியைக் குழாயில் அடைத்து இருபது வெள்ளிக்கு விற்கிறார்கள்! அன்றும் அது பல்லைத் தேய்த்தது, இன்றும் தேய்க்கிறது. இரவு படுக்கும் முன் இரண்டு நிமிடம் விளக்கி, நுரையைத் துப்பு. தண்ணீரால் கொப்பளித்துப் பசையை முழுக்கக் கழுவிவிடாதே.

சொத்தையை அடைக்க உனக்கு ஒரு காசு செலவில்லை. பள்ளி மாணவர்களுக்கு அரசாங்கப் பல் சிகிச்சை இலவசம். பினாங்கில் 1949-இல் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து எங்களைப் போன்ற மிசிகளின் வேலையே அதுதான். பள்ளிக்குப் பல் சிகிச்சை வண்டி வரும்போது கழிவறையில் போய் ஒளிந்துகொள்கிற கூட்டத்தில் நீயும் உண்டு என்று உன் தம்பி சொன்னான்.

இனி கம்பிக்கான வழி. பந்திங்கிலோ கிள்ளானிலோ அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டினால், தரம் பார்த்து, பல் சீரமைப்பு நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். செலவு மிகக் குறைவு, காத்திருப்பு நீளம். கடுமையான கோளாறு உள்ளவர்களுக்கு முன்னுரிமை, அது நியாயமும்கூட. பல்கலைக்கழகக் கிளினிக்குகள் இன்னொரு வழி. நாட்டின் முதல் பல் மருத்துவப் பள்ளியான மலாயாப் பல்கலைக்கழகத்திலும், கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிபுணர் பயிற்சி பெறும் மருத்துவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகம் எடுக்கும், வேலை சுத்தமாக இருக்கும்.

தனியாரிடம் போவதென்றால் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் மருத்துவர் பெயரைத் தட்டிப் பார். பொதுப் பல் மருத்துவர்களுக்கு ஒரு பதிவேடு, நிபுணர்களுக்குத் தனிப் பதிவேடு. பொது மருத்துவர் கம்பி போடக்கூடாது என்றில்லை, எளிய கோளாறை நன்றாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உன் வாயில் என்ன கோளாறு, அவர் இதுபோல் செய்திருக்கிறாரா, இடையில் சிக்கல் வந்தால் யாரிடம் அனுப்புவார் என்று நேரடியாகக் கேள். எக்ஸ்ரே எடுக்காமல், பல் அச்சு எடுக்காமல் விலை சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடு. சொன்ன விலையில் கழற்றுவதும் ரிடெய்னரும் சேர்த்தியா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். தவணையில் கட்டப் பல கிளினிக்குகள் விடும், கேட்டால்தான் சொல்வார்கள்.

இடம் போதாவிட்டால் இரண்டோ நான்கோ சிறு கடைவாய்ப் பற்களை எடுக்கச் சொல்லலாம். உடனே பாட்டி, "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும்" என்பார். பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. பயப்படாதே, ஆனால் ஏன் எடுக்க வேண்டும், எடுக்காமல் வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை உனக்கு உண்டு. பதில் புரியவில்லையென்றால் புரியும்வரை கேள். வேறொரு மருத்துவரிடமும் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னால் நல்ல மருத்துவர் கோபிக்கமாட்டார்.

கழற்றிய பிறகு ரிடெய்னர் போடாமல் விட்டால் பல் பழைய இடத்துக்கே நடக்கத் தொடங்கும். சாப்பாட்டுக் கடையில் திசுத்தாளில் சுற்றிவைத்துக் குப்பையோடு போட்டுவிட்டு வந்து அழுதவர்கள் நிறையப் பேர். இரண்டு வருடக் கம்பியைவிட அதற்குப் பிந்திய இரவுகள்தான் பொறுமையைச் சோதிக்கும், அதை இப்போதே தெரிந்துகொண்டு முடிவெடு.

உனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, சம்மதக் கையெழுத்து அப்பாவோ அம்மாவோதான் போட வேண்டும். பள்ளி விடுமுறையில் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவோடு பந்திங் கிளினிக்குக்குப் போ. முதலில் அந்தக் கடைவாய்ப் பல்லை அடைக்கச் சொல், பிறகு நிபுணருக்குக் கடிதம் கேள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏறியதும் எனக்குச் செய்தி அனுப்பு. அப்பாவிடம் பணம் பற்றி நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை