பழைய வேனுக்குச் சாயம்: எந்தப் பட்டறையில் விடலாம்?

பழைய வேனுக்கு மலிவாகச் சாயம் அடிக்கும் பட்டறை எது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இன்னும் எத்தனை வருடம் ஓட்டப் போகிறீர்கள்? நிஸான் வேனட், டொயோட்டா லைட்ஏஸ், பெரோடுவா ரூசா எல்லாம் இன்னமும் பூக்கடைக்கும் விருந்துச் சமையலுக்கும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த வருடமே விற்கப் போகிறீர்கள் என்றால் வெளுத்துப்போன கூரைக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும் அடித்தால் போதும். ஐந்தாறு வருடம் ஓட வேண்டும் என்றால் மேல்பூச்சில் சிக்கனம் பிடியுங்கள், அடிவேலையில் பிடிக்காதீர்கள். மலிவான பட்டறைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பளபளப்பு கண்ணுக்குத் தெரியும், துரு தெரியாது.

ஆகவே பட்டறைக்குப் போவதற்கு முன் வேனைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் நீங்களே ஒரு சுற்றுப் பாருங்கள். கையில் ஒரு சிறு காந்தம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் தின்னர், பழைய துணி இருந்தால் போதும். காந்தம் ஒட்டாமல் நழுவும் இடத்தில் இரும்பு இல்லை, யாரோ முன்பு அப்பிவிட்டுப் போன பட்டி இருக்கிறது. பழைய வேனில் துரு பிடிக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்: கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய், முன்கண்ணாடி ரப்பரின் கீழ்விளிம்பு, ஸ்லைடிங் கதவின் அடித்தண்டவாளம், சக்கர வளைவுகள், பின்கதவின் அடிப்பாகம். சாயம் குமிழ் விட்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் அங்கே தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். அது சாய வேலையே அல்ல, கூலியும் தனி.

பிறகு துணியில் தின்னர் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் தேயுங்கள். சாயம் கரைந்து துணியில் ஒட்டினால் அது பழைய என்சி வகை லாக்கர். அதன் மேல் அப்படியே 2கே சாயம் (கெட்டிப்படுத்தும் திரவம் கலந்தது) அடித்தால் கீழ்ப்படலம் சுருங்கி எழும்பிவிடும் அபாயம் உண்டு, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இது தெரியாமல் விலை பேசினால் பாதி வேலையில், "உள்ளே சரியில்லை, இன்னும் கொஞ்சம் ஆகும்" என்று தொலைபேசி வரும்.

நிறம் விஷயத்தில் என் கட்சி பழைய நிறமே, அதிலும் வெள்ளையானால் வெள்ளையே. காரணம் கஞ்சத்தனம்தான். மெட்டாலிக் நிறத்துக்கு நிறப்பூச்சு, மேலே கிளியர் என்று இரண்டு படலம் வேண்டும். சாதா வெள்ளையை 2கே-யில் ஒரே படலமாக அடித்துப் பளபளப்பு வாங்கிவிடலாம். பின்னால் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் பாலிஷ் போடுவது எளிது. நிறம் மாறாவிட்டால் கதவுகளின் உள்விளிம்பு, இன்ஜின் அறை எதையும் தொட வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தைத் துரு வேலைக்குக் கொடுங்கள். நிறத்தை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பரிசோதனைக்குக் கொண்டுபோய், சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) பதிவிலும் மாற்ற வேண்டும், காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். 2018-இல் பத்துமலையின் 272 படிகளுக்கு வண்ணம் அடித்தபோதே அனுமதி வாங்கினீர்களா என்று தேசிய மரபுடைமைத் துறை கேட்டது. வேனை மட்டும் யாரும் கேட்காமல் விடுவார்களா?

அடுத்தது பட்டறை தேடும் வேலை. பத்துமலைத் தொழிற்பேட்டை வரிசைகள், செலாயாங், கெப்போங், செகம்புட், கிள்ளான் பக்கம் என்றால் மேரு, காப்பார் சாலை ஓரங்கள் என்று 'கெத்தோக்' (தகடு தட்டிச் சாயம் அடிக்கும்) பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. பெயர்ப்பலகையைப் பார்த்துப் போகாதீர்கள். பள்ளி வேன் ஓட்டுநர்களையும் கேட்டரிங்காரர்களையும் விசாரியுங்கள். நேற்று சாயம் அடித்த வண்டியைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. சாயம் அடித்து ஒரு வருடமாவது வெயில் மழை பட்ட வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். காப்புறுதி நிறுவனங்களின் பேனல் பட்டறைகள் நல்ல வேலை செய்யலாம். ஆனால் விபத்து வண்டிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் உங்கள் கிழட்டு வேன் மூலையில் கிடக்கும், கணக்கும் பெரும்பாலும் கூடத்தான் வரும்.

மூன்று பட்டறைகளையாவது நேரில் பாருங்கள், வேலை நடக்கிற நேரத்தில். ஓவன் அறை இருந்தால் நல்லது. சுமார் 60 பாகைச் சூட்டில் அரை மணி நேரத்தில் 2கே சாயம் இறுகிவிடும். இல்லையென்றாலும் பெரிய குற்றமில்லை, கெட்டிப்படுத்தும் திரவம் கலந்த சாயம் காற்றிலேயே இறுகும். கொஞ்சம் தூசி ஒட்டும், அவ்வளவுதான். பழைய வேனுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் பார்ப்பது வேறு. கண்ணாடி ரப்பரையும் விளக்குகளையும் கழற்றி வைக்கிறார்களா, மேலோட்டமாக டேப் ஒட்டிவிட்டு அடிக்கிறார்களா? துரு எடுத்த வெற்றுத் தகட்டுக்கு எப்பாக்சி பிரைமர் போகிறதா, நேரே பட்டியா? கம்பிரசரில் நீர் பிரிக்கும் வடிகட்டி இருக்கிறதா? நம் ஊர் ஈரக்காற்றில் குழாய்க்குள் நீர் சேரும். அது சாயத்தோடு வந்தால் சில மாதங்களில் குமிழ் கிளம்பலாம். அடிப்பவர் முறையான சுவாசக்கவசம் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். 2கே-யில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். தன் ஆளின் மூச்சைப் பற்றிக் கவலைப்படாத தவுக்கே உங்கள் வேனின் கால்வாயைப் பற்றியா கவலைப்படப் போகிறார்? அந்தப் பகுதி ஊராட்சி மன்றத்தின் உரிமம் சுவரில் தொங்குகிறதா என்பதையும் போகிற போக்கில் கவனித்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது, "பாஸ், மொத்தம் எவ்வளவு?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "பாஸ், இந்தக் கால்வாய்த் துருவை என்ன செய்வீங்க?" என்று ஆரம்பியுங்கள். "பட்டி வச்சு மூடிடலாம்" என்று சட்டென்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பட்டறைக்கு நடையைக் கட்டலாம். வெட்டி ஒட்டுவதற்கு இவ்வளவு, சுரண்டிப் பிரைமர் போடுவதற்கு இவ்வளவு என்று இடம் இடமாகப் பிரித்துச் சொல்பவரிடம் தொடர்ந்து பேசுங்கள். சாயத்தின் பிராண்ட், 2கே-யா என்சி-யா, எத்தனை பூச்சு, எதையெல்லாம் கழற்றுவார்கள், எந்தத் தேதியில் தருவார்கள், எத்தனை மாத உத்தரவாதம் எல்லாவற்றையும் தாளில் எழுதி, பட்டறை முத்திரையோடு வாங்குங்கள். பிரித்த பிறகு புதிதாகத் துரு தெரிந்தால் படம் எடுத்து அனுப்பி, நீங்கள் சரி சொன்ன பிறகே தொட வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். முன்பணம் பொருள் வாங்கும் அளவுக்குப் போதும், மீதி வேலை பார்த்த பிறகு. முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கும் இடத்தில் விடாதீர்கள். பிரைமர் அடித்த அன்று, நிறம் ஏறுவதற்கு முன், ஒரு தடவை போய்ப் பார்த்து, படமும் எடுத்துவிடுங்கள். வெள்ளை ஏறிய பிறகு கீழே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நேரமும் முக்கியம். சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் எல்லோரும் அவசரப்படுவார்கள், வேலையும் அப்படியே இருக்கும். தைப்பூசச் சமயத்தில் பத்துமலைச் சாலைகள் அடைபடும், வேன் உள்ளே மாட்டினால் வெளியே எடுக்க முடியாது. ஓவன் இல்லாத பட்டறையென்றால் மாலை மழை அதிகமாகக் கொட்டும் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களைத் தவிருங்கள். என்சி சாயமானால் ஈரத்தில் பால்போல வெளுத்துவிடும்.

வேனை எடுப்பது காலை வெயிலில். குழல்விளக்கின் கீழ் எல்லாமே அழகுதான். பக்கவாட்டில் குனிந்து ஒழுகல், ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, கண்ணாடியில் தெறித்த சாயம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஸ்லைடிங் கதவை நாலு தடவை இழுத்து மூடுங்கள். கதவடியில் நீர் வடியும் துளைகள் சாயத்தால் அடைபட்டிருந்தால் அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் இயந்திரக் கழுவல் வேண்டாம், ஒரு மாதம் மெழுகு வேண்டாம், கடைப்பெயர் ஸ்டிக்கரும் அதுவரை பொறுக்கட்டும். சரக்கு வேன் என்றால் கதவில் இருந்த பெயர், முகவரி, எடை விவரங்களை மட்டும் மறக்காமல் திரும்ப எழுதிவிட வேண்டும்.

உத்தரவாதக் காலத்திலேயே சாயம் உரிந்து, பட்டறையும் கைவிரித்தால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அது சொந்த, குடும்ப உபயோகத்துக்கான வாகனத்துக்குத்தான். வியாபார வேனுக்கு அந்தக் கதவு திறக்காது. எப்படியானாலும் பட்டறை முத்திரையோடு வாங்கிய அந்தத் தாளையும் பணம் கட்டிய ரசீதையும், பிரைமர் அன்று எடுத்த படங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.